மக்குப் பெட்டியில் பதினொரு வரி

சூசைமிக்கேல் இறந்துபோன பிறகும் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் வாதம். கணக்குப்படி அது சரி. கணக்கு அப்படி வரும்படி செய்தவன் நான்.

எந்தப் படத்தையும் எந்தக் குரலையும் கையில் இருக்கும் போனிலேயே உருவாக்கிவிடலாம் என்று ஆன பிறகு, கோர்ட்டில் எதைக் காட்டினாலும் வக்கீல் எழுந்து "சமைச்சது, ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு கொலையை நூறு பேர் படம் பிடித்திருந்தால் நூறும் சமைத்தது. இப்படியே மூன்று வருடம் ஓடியது. கோர்ட் பதிவேட்டை நம்பினால், அந்த மூன்று வருடமும் எங்கள் மாவட்டத்தில் குற்றமே நடக்கவில்லை.

பிறகு நம்பத்தகு சாதனச் சட்டம் வந்தது. பொய் சொல்ல மூளை வேண்டும், ஆகவே மூளையில்லாத மெஷினில் அடித்த வாக்குமூலம் மட்டுமே செல்லும் என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட மெஷினுக்கு எங்கே போவது? எழுபது வருடத்துக்கு முன் வெளிநாட்டுப் பிள்ளைகள் டிவியோடு இணைத்து விளையாடிய வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் கண்டெய்னரில் இறக்கினார்கள். பிஸ்கட் நிறத்தில் தடிமனான ஒரு கீபோர்டு, எல்லாமே அதற்குள். மொத்த ஞாபகசக்தி அறுபத்துநாலு கே. ஒரு கொசுவைப் படம் பிடித்தால்கூட இறக்கையை வெட்டிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். சட்டத்தில் அதன் பெயர் நம்பத்தகு சாதனம். ஊரில் மக்குப் பெட்டி.

மக்குப் பெட்டி பொய் சொல்லாது என்று முடிவானதும், மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் எதற்கு என்று அரசாங்கம் அடுத்த பட்ஜெட்டில் யோசித்தது. லைசென்ஸ் எடுத்த தட்டச்சர் ஒருவர் போதும். நோயாளி நிதானத்தில் இருக்கிறார் என்று டூட்டி டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம்.

என் பெயர் கோமதிநாயகம். இன்ஜினியரிங்கில் மூன்று அரியர். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் மக்குப் பெட்டி ரிப்பேர் பார்க்கிறேன். வீங்கிய கெப்பாசிட்டரை மாற்றுவது, கார்டு செருகும் இடத்தில் பச்சை பூத்த பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது, அடித்ததைச் சேமித்து வைக்கும் டிரைவ் மாட்டுவது. டிரைவ் சட்டப்படி சரி. ஆரம்பத்தில் டேப்பில்தான் பதிவு செய்தார்கள். டேப்பில் பூஞ்சை பிடித்து இரண்டு ஆயுள் தண்டனைக் கைதிகள் வெளியே வந்த பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள்: மக்குப் பெட்டி எவ்வளவு வேண்டுமானாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், யோசிக்க மட்டும் கூடாது. நான் படித்த கல்லூரியின் கொள்கையும் அதுதான், ஆகவே எனக்கு விளங்குவதில் சிரமம் இல்லை.

பெட்டியை வேகமாக ஓட வைக்கும் ஸ்பீடு கார்டு மாட்டினால்தான் குற்றம். அதில் இருக்கும் புதுக் காலத்துச் சிப் யோசிக்கும். மாட்டியவனுக்கு மூன்று வருடம்.

ஹமீதா அக்கா தீக்காய வார்டின் தட்டச்சர். ஒரு மத்தியானம் மாடியேறி வந்து தன் பெட்டியை என் மேஜையில் வைத்தார்.

"கோமதி, இதுல ஸ்பீடு கார்டு மாட்டித் தா."

"மூணு வருசம்க்கா. ஜெயில்ல அரியர் எழுத விடமாட்டான்."

"வெளிய இருந்து எழுதிக் கிழிச்சுட்டியாக்கும்."

வழக்கமாக இதற்கு அவரே சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

"நேத்து ஒரு பிள்ளல. பத்தொம்போது வயசு. மூணு வரி சொல்லிட்டா. நாலாவது, 'என் மேல ஊத்துனது'ன்னு ஆரம்பிச்சா. மூணாவது வரிக்கு முத்திரை ஓடிக்கிட்டு இருக்கு."

முத்திரை என்பது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பெட்டி தானாகக் கணக்குப் போட்டு அடிக்கும் பன்னிரண்டு இலக்க எண். வரியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும், யாரும் பிறகு கைவைக்க முடியாது. மக்குப் பெட்டிக்கு அந்தக் கணக்குப் போட ஒரு நிமிடம் ஆகும். அதுவரை அடுத்த எழுத்து ஏறாது.

"ஒரு நிமிசம் இரும்மா, ஒரே நிமிசம் இரும்மாங்கேன். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. முத்திரை முடிஞ்சுது. அவளும் முடிஞ்சுட்டா."

"மனசுல வச்சுக்கிட்டுப் பெறவு அடிக்க வேண்டியதுதானக்கா?"

"அதுக்குப் பேரு என் வாக்குமூலம்லே. அவ வாக்குமூலம் இல்ல."

கார்டு மாட்ட நான்கு மணி நேரம் ஆனது. பழைய பெட்டி ஐந்து வோல்ட்டில் ஓடுவது, புதுச் சிப் அதைக் குடித்தால் கருகிவிடும். இடையில் ஒரு சின்னப் பலகை வைத்துச் சால்டர் அடித்தேன். முத்திரைக் கணக்கை வேகமாகப் போடு, எழுத்தை வேகமாகத் திரையில் வரை, வேறு எதையும் தொடாதே என்று சிப்புக்கு எழுதிக் கொடுத்தேன். எந்தச் சாவி எத்தனை மணிக்கு அழுத்தப்பட்டது என்ற பதிவு ஒன்றையும் கார்டுக்குள்ளேயே விட்டுவைத்தேன். ஏதாவது கோளாறு என்றால் பிழை தேடுவதற்கு. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஒரு நிமிட முத்திரை ஒரு நொடியில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

தட்டச்சர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தது என் முட்டாள்தனம். அடுத்த ஆறு மாதத்தில் பதின்மூன்று பெட்டிகள் மாடியேறி வந்தன.

சித்திரையில் உப்பளத்தைத் தாண்டி இருந்த பேட்டரி உடைக்கும் ஷெட் எரிந்தது. பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் இடம். நான்கு பேர் உள்ளேயே போனார்கள். ஐந்தாவது ஆள் சூசைமிக்கேல் கூரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தார். தீக்காய வார்டில் காலை 10.42க்கு அவர் நிதானத்தில் இருப்பதாக டாக்டர் கையெழுத்திட்டார். 10.51க்கு இறந்துவிட்டதாக அதே டாக்டர் எழுதினார். நடுவில் ஹமீதா அக்கா தனியாக உட்கார்ந்து பதினொரு வரி அடித்திருந்தார்.

ஈயம் திருடு போகிறது என்று முதலாளி கதவை வெளியிலிருந்து பூட்டச் சொன்னார். பூட்டும்போது பக்கத்தில் நின்றார். புகை வந்த பிறகு உள்ளிருந்து தட்டியதைக் கேட்டார், காரில் ஏறிப் போய்விட்டார். பூட்டிய மேஸ்திரியின் பெயர், உள்ளே இருந்த நால்வரின் பெயர், எல்லாம் முதல் பத்து வரியில் இருந்தன. முதலாளிக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியம் அது. பதினோராவது வரி இது: "என் மனைவி ஜெசிந்தாவை நான் சரியாக வைத்துக்கொள்ளவில்லை. அவள் என்னை மன்னிக்க வேண்டும்."

முதலாளியின் வக்கீல் தாணுலிங்கம் விசாரணையில் இதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்கவில்லை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"பதினொரு வரி. வரிக்கு ஒரு நிமிஷம் முத்திரை, பதினொரு நிமிஷம். தமிழ் எழுத்து திரையில வந்து விழ எட்டு நிமிஷம். ஆகப் பத்தொம்பது. ஆனா டாக்டர் குறிப்புப்படி இவருக்கு இருந்ததே ஒம்பது நிமிஷம். ஒண்ணு, இறந்தவர் செத்து பத்து நிமிஷம் பேசியிருக்கணும். இல்ல, அந்தப் பெட்டிக்குள்ள யோசிக்கிற சாமான் ஏதோ இருக்கணும். பெட்டியைத் திறந்து பாக்க உத்தரவிடணும், அம்மா."

திறப்பதற்கு முன் ரிப்பேர்க்காரனை விசாரிக்கலாம் என்றார் நீதிபதி அம்மா. எனக்குச் சம்மன் வந்தது.

நான் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் ஜெசிந்தா மாடிக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஐஸில் கிடந்து கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"ஹமீதாக்கா எல்லாம் சொல்லிட்டாவ தம்பி. கார்டு இருக்காம்."

"நாளைக்கிச் சொல்லாதீங்கன்னு சொல்ல வந்தீயளா?"

"தெறந்தா தெரிஞ்சிரும்லா, நீங்க சொன்னா என்ன, சொல்லாட்டா என்ன. நான் அதுக்கு வரல." முக்காலியில் உட்கார்ந்தார். "அந்தக் கார்டு தானா எழுதுமா?"

"எழுதத் தெரியும். ஆனா எழுதாதேன்னு சொல்லித்தான் மாட்டியிருக்கேன்."

"சொன்னாக் கேக்குமா?"

இந்தக் கேள்வியை என் கல்லூரியில் யாரும் கேட்டதில்லை. "கேக்கும்க்கா" என்றேன். எனக்கே அது போதுமானதாகத் தோன்றவில்லை.

"பதினோராவது வரி இருக்குல்லா. அவிய என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே கெடையாது. ஏளாதான். ஒம்போது வருசத்துல மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அவிய வாயில வந்ததில்ல. அவியளா என் கால மிதிச்சாலும் 'கால எதுக்கு அங்க வச்ச'ம்பாவ."

"வாக்குமூலத்தை எழுத்துத் தமிழுக்கு மாத்தித்தான்க்கா அடிப்பாங்க. ஏளான்னு சொன்னாலும் 'என் மனைவி ஜெசிந்தா'ன்னுதான் ஏறும்."

"அது எனக்கும் தெரியும். சாவப்போற நேரத்துல மனசு மாறியிருக்கும்னு நெனச்சேன். எட்டு மாசமா தெனமும் அந்த வரியத்தான் வாசிக்கேன். நகல் கிழிஞ்சுபோச்சுன்னு ரெண்டு தடவ புதுசு வாங்கிட்டேன். இப்ப கார்டுன்னு கேட்ட பெறவு வாசிக்க முடியல தம்பி. மெஷினு எல்லாருக்கும் கடைசியில ஒரு மன்னிப்பு போட்டுக் குடுக்குமோ என்னமோ."

கார்டுக்குள் சாவிப் பதிவு இருப்பதைச் சொன்னேன். எந்த எழுத்து விரலால் அடித்தது, எது தானாக வந்தது என்று அதில் தெரிந்துவிடும். ஆனால் பெட்டி கோர்ட் காவலில் இருக்கிறது.

"கெடைச்சா எனக்குக் காட்டுவீயளா? கோர்ட்டுக்கு வேண்டாம். எனக்கு."

காட்டுகிறேன் என்றேன்.

மறுநாள் கூண்டில் ஏறினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அரசு வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அந்தப் பெட்டியில டிரைவைத் தவிர வேற ஏதாவது மாட்டினீங்களா?" என்றார் தாணுலிங்கம்.

"ஆமா. ஸ்பீடு கார்டு."

அரசு வக்கீல் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். பின்வரிசையில் இருந்த ஹமீதா அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆனா கார்டு ஒரு எழுத்தும் எழுதல. உள்ள சாவிப் பதிவு இருக்கு. எடுத்துப் பாத்தா நிரூபிச்சிரலாம்."

எனக்குக் காரணம் புரியாதபடி தாணுலிங்கத்துக்குச் சந்தோஷம் வந்தது. "அந்தப் பதிவு எதுல இருக்கு?"

"கார்டுல."

"யோசிக்கிற கார்டுல. அப்போ அது சட்டப்படி சமைச்சது. தான் பொய் சொல்லலைன்னு பொய்க்காரன் எழுதிக் குடுத்த சர்டிபிகேட். அவ்வளவுதான், அம்மா. வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்யணும்."

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஜெசிந்தா உட்கார்ந்திருந்த பெஞ்சை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எத்தனை பெட்டியில இப்படி மாட்டியிருக்கீங்க?"

"பதினாலு, அம்மா."

"எல்லாம் யார் யார் பெட்டி?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு ஆஸ்பத்திரி, நான்கு போலீஸ் ஸ்டேஷன், பத்திரப்பதிவு அலுவலகம், ஜெயில். சில இடங்களில் இரண்டு மூன்று பெட்டிகள். பதின்மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

"ஒண்ணு குறையுதே?"

பெஞ்சு கிளார்க் சிவசைலம் இருமினார். நல்ல இருமல், ஆனால் காலம் கடந்துவிட்டது.

"அதுலதான் அம்மா இப்ப என் சாட்சியத்தை அடிச்சுக்கிட்டு இருக்காங்க."

தட்டச்சரின் விரல்கள் நின்றன. ஏழு மாதமாக அந்த அறையில் எழுதப்பட்ட தீர்ப்பு, ஜாமீன், விவாகரத்து, தண்டனை எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன. நீதிபதி அம்மா கால் மணி நேரம் ஒத்திவைத்தார்.

திரும்பி வந்ததும் உத்தரவை நிதானமாகச் சொல்லச் சொல்ல, அதே பெட்டியில் அடித்தார்கள். "சாட்சி ஸ்பீடு கார்டு என்று குறிப்பிடும் பொருள், வெப்பம் தணிக்கும் காற்றாடி வகையைச் சேர்ந்த உதிரிப்பாகம் என்று இந்த நீதிமன்றம் கருதுகிறது. சாட்சி தொழில்நுட்பக் கல்வியை முடிக்காதவர் என்பதால் பெயரில் குழப்பம் நேர்ந்துள்ளது. சம்பவம் சித்திரை மாதத்தில் நடந்தது. காற்றாடி பொருத்திய சாதனம் வெயில் காலத்தில் சற்று வேகமாக இயங்குவது இயல்பே."

தாணுலிங்கம் எழுந்தார். "அம்மா, இது காற்றாடியே இல்லைன்னு..."

"உங்க கட்சிக்காரர் ஜாமீன் உத்தரவும் இதே காற்றாடியிலதான் அடிச்சது. அதையும் ரத்து பண்ணிட்டு, இன்னைக்கே உள்ள அனுப்பிரவா?"

தாணுலிங்கம் உட்கார்ந்துவிட்டார். மரண வாக்குமூலம் ஏற்கப்பட்டது. காற்றாடிகள் சத்தம் போடுவதால் பதினாலையும் கழற்றி உரியவரிடம் ஒப்படைக்கவும் என்று கடைசியில் நீதிபதி அம்மா ஒரு வரி சேர்த்தார். மூன்று அரியர் இருந்தது வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு உபயோகப்பட்டது. உண்மையைச் சொன்னேன், அதைக் காற்றாடி என்று எழுதிக்கொண்டார்கள், அதனால் ஓர் உண்மை பிழைத்தது. இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

கார்டு பழுப்புக் கவரில் வந்து சேர்ந்தது. மேலே 'காற்றாடி, எண்ணிக்கை 1' என்று எழுதியிருந்தது. அன்று சாயங்காலமே ஜெசிந்தா வந்துவிட்டார். இறால் வாடை போக எலுமிச்சை தேய்த்துக் கழுவியிருந்தார். கார்டை என் பெட்டியில் செருகிப் பதிவைத் திரைக்குக் கொண்டுவந்தேன்.

முதல் பத்து வரி 10.43க்கு ஆரம்பித்து 10.50க்கு முடிந்திருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விரல் இருந்தது. நடுவே ஓர் இடத்தில்கூடத் தயக்கம் இல்லை. அவர் சொல்லச் சொல்ல அக்கா ஓடியிருக்கிறார். பிறகு ஒன்றும் இல்லை. நான்கு நிமிடத்துக்கு ஒரு சாவியும் அழுத்தப்படவில்லை. பதினோராவது வரி 10.54க்குத் தொடங்கியது, டாக்டர் மரணம் எழுதி மூன்று நிமிடம் கழித்து.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"பதினொண்ணும் கையால அடிச்சதுக்கா. கார்டு ஒரு எழுத்துகூடச் சேக்கல."

இதில் பொய் எதுவும் இல்லை. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கடைசி வரி மட்டும் ஏன் இவ்வளவு நீளமா கெடக்கு?"

எண்கள் புரியாவிட்டாலும் நீளம் தெரிந்துவிட்டது. "அடிச்சு அடிச்சு அழிச்சிருக்காங்க" என்றேன்.

"என்னத்த அழிச்சிருக்கு? வாசிங்க."

"வேண்டாம்க்கா."

"காட்டுதேன்னு சொன்னீயள்லா."

வாசித்தேன். "'ஜெசிந்தா அழ வேண்டாம்.' இது அழிச்சது. 'பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைக்கவும்.' இதையும்..."

"எங்களுக்குப் பிள்ள கெடையாதே."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கே அது உறைத்தது. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஒரு பெரிய காகிதக் கட்டை ஓட்டி முடித்தது.

"கேஸ் சீட்ட எடுத்துப் பாத்திருப்பாவ" என்றார் ஜெசிந்தா. "பிள்ள இல்லன்னு அதுல போட்டிருக்கும். அதான் அழிச்சிருக்காவ."

"அக்கா..."

"அவிய யோசிச்சுப் பேசுத ஆளு இல்ல தம்பி. வாயில வந்ததுதான். ஒரு பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து, எனக்கு என்ன சொன்னாத் தேவலன்னு அந்தக்கா யோசிச்சுருக்கு." விரல் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மெஷினு இல்லல்லா?"

"இல்லக்கா."

"அப்பச் சரி. மனுசி எழுதுனான்னா நான் வச்சுக்கிடுதேன்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "இது வெளிய போனா அந்தப் பத்து வரியும் செல்லாது. அவரு நெசமாச் சொன்ன பத்து வரியும். உள்ள செத்த நாலு பேருக்கும் வேற சாட்சி இல்ல. ஹமீதாக்காவும் உள்ள போவாங்க."

"எதை அமுக்குனா அழியும்?"

காட்டினேன். மொத்தப் பதிவையும் அழிக்கவா என்று பெட்டி கேட்டது. அவர் சாவியின் மேல் விரலை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த 'அழ வேண்டாம்' நல்லாத்தான இருந்துச்சு. அத எதுக்கு அழிச்சாவளாம்?"

"தெரியலக்கா."

"வார்டுக்குள்ள விடாம என்னைய வெளிய நிப்பாட்டியிருந்தாவ" என்றார். "நான் அழுதது உள்ள கேட்டிருக்கும்."

பிறகு சாவியை அழுத்தினார்.